ஒரு துளையும் ஒரு தராசும்

நாம் படித்த நாவல்களில் எத்தனையோ துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன. குண்டு யார் மார்பில் பாய்ந்தது என்பதைக் கதாசிரியர் தவறாமல் சொல்லிவிடுகிறார். துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுந்த பித்தளைக் கூடு என்னவாயிற்று என்பதை எவரும் எழுதுவதில்லை. அதைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒரு மனிதன் அமெரிக்காவில் நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்து வருகிறான். மாலையில் விளக்கடியில் அமர்ந்து, அக்கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் அடைத்து, அடுத்த வேட்டைக்கு எடுத்துச் செல்கிறான். இவ்வேலைக்குப் புதிதாக வருபவன் முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளின் வரிசையே நாம் இங்குச் சொல்லப்போகும் வரலாறு. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா தயாரிப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியிருக்கிறது. ஆகவே இதைக் கடைக்குப் போகும் வழிகாட்டியாக யாரும் கொள்ள வேண்டியதில்லை.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முனையில் ஈயக் குண்டு, அதைத் தாங்கும் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் வெடிமருந்து, கூட்டின் அடியில், தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் கேப்பைப் போன்ற ஒரு சிறு தீமூட்டி. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பின் பொறி ஒரு துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்ற வைக்கிறது. சுட்டு முடித்தபின் குண்டும் மருந்தும் கேப்பும் தீர்ந்துபோகின்றன. கூடு மட்டும் மிஞ்சுகிறது. நான்கில் விலை கூடிய உறுப்பும் பெரும்பாலும் அதுவே.

இந்தக் கூடு எப்போதும் பித்தளையாக இருந்ததில்லை. 1857-இல் வட இந்தியச் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த என்ஃபீல்டு தோட்டா, கொழுப்புத் தடவிய காகிதச் சுருள்தான். காகிதத்தைக் கிழித்து மருந்தைக் குழாயின் வாய்வழியே கொட்டிக் கெட்டிக்க வேண்டியிருந்தது. அந்த என்ஃபீல்டு துப்பாக்கியையே 1866-இல் ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் முறைப்படி பின்புறம் திறக்குமாறு பிரிட்டன் மாற்றியமைத்தது. அதற்கேற்ற உலோகத் தோட்டாவை வடிவமைத்தவர் வூல்விச்சின் அரச வெடிமருந்துக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்த எட்வர்டு பாக்ஸர். அதே ஆண்டில் அமெரிக்காவில், உள்நாட்டுப் போரில் குறிசுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டன் என்பவரும் வேறொரு தோட்டாவுக்குக் காப்புரிமை பெற்றார்.

இருவரும் தீர்க்க முயன்ற சிக்கல் ஒன்றே. கேப்பு வெடிக்க வேண்டுமானால் அதை ஊசி ஒருபுறம் தட்ட, மறுபுறம் ஏதேனும் ஒன்று பட்டடைக்கல் போல் தாங்க வேண்டும். பெர்டன் அந்தப் பட்டடையைக் கூட்டின் அடியிலேயே ஒரு சிறு மேடாக அமைத்தார். பொறி செல்ல அதன் இருமருங்கும் இரண்டு துளைகள். பாக்ஸரோ பட்டடையைக் கேப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். எனவே கூட்டின் நடுவில் ஒரேயொரு துளை போதுமானதாயிற்று.

வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒற்றைத் துளை இருந்தால், கூட்டின் வாய்வழியே ஒரு கம்பியை நுழைத்து ஒரு தட்டுத் தட்டினால் பழைய கேப்பு கழன்று விழுந்துவிடும். பெர்டன் கூட்டிலோ நடுவில் மேடு நிற்கிறது, கம்பிக்கு வழியில்லை. வெளியிலிருந்து உளியால் குத்தி நெம்பியே கேப்பை எடுக்க வேண்டும். கூட்டை மீண்டும் பயன்படுத்துவது எளிதா, தொல்லையா என்பதை அந்தத் துளையே தீர்மானித்தது. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை நாளடைவில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நிலைத்தது. அமெரிக்கரான பெர்டனின் முறை ஐரோப்பியப் படைகளுக்குச் சென்றது. பாக்ஸரின் சொந்த நாட்டுப் படையே பின்னாளில் தன்.303 தோட்டாக்களைப் பெரும்பாலும் பெர்டன் முறையில் செய்துகொண்டது.

இடையில் மூன்றாவது வழி ஒன்றையும் அமெரிக்க இராணுவம் முயன்று பார்த்தது. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலையில் ஸ்டீபன் வின்சென்ட் பெனே என்ற அதிகாரி, கேப்புமருந்தைக் கூட்டுக்குள்ளேயே மறைத்துவைத்த செப்புத் தோட்டாவை உருவாக்கினார். இலக்கிய வாசகர்களுக்கு இப்பெயர் பழக்கமானதாகத் தோன்றலாம். 1928-இல் ‘ஜான் பிரௌன்ஸ் பாடி’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டு மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் பெனே, இவருடைய பேரர். பாட்டனார் பெயரையே தாங்கியவர். பாட்டனாரின் தோட்டாவில் கேப்பை வெளியே எடுக்க வழியே கிடையாது. சுட்டபின் எறிய வேண்டியதுதான். 1880-களின் தொடக்கத்தில் இராணுவம் அதைக் கைவிட்டு, வெளியிலிருந்து கேப்பு பொருத்தும் கூட்டுக்கு மாறியது. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு நிறையத் தோட்டா தேவைப்பட்டது. ஆகவே எல்லைப்புறப் பாசறைகளுக்கு மறுநிரப்புக் கருவிகள் அனுப்பப்பட்டன; வீரர்கள் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர்.

இராணுவத்துக்கு முன்பே இக்கலையைக் கற்றிருந்தவர்கள் 1870-களின் எருமை வேட்டைக்காரர்கள். அருகிலுள்ள கடை பல நாள் பயணத் தொலைவில் இருக்க, அவர்கள் மருந்தைப் பீப்பாயிலும் ஈயத்தைக் கட்டியாகவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சமவெளிக்குச் சென்றார்கள். பகலில் சுட்டார்கள், இரவில் தீயருகே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். அவர்களுடைய ஷார்ப்ஸ் துப்பாக்கிகளின் கூடுகளில் பெர்டன் வகையும் இருந்தது. உளியால் நெம்பும் தொல்லையையும் பொறுத்துக்கொண்டார்கள். இச்சிக்கனத்தின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அமெரிக்கக் காட்டெருமைகளில், 1889-இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது, எஞ்சியிருந்தவை ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே. அந்த அழிவுக்குத் தோல் வாணிகமும் இரயில் பாதையும் அரசின் கொள்கையும் காரணங்கள். தோட்டா தீர்ந்துவிட்டதே என்று வேட்டைக்காரன் ஊர் திரும்ப வேண்டியிராததும் அவற்றுள் ஒன்று.

புதியவனுக்கான முதல் கருவிப்பெட்டி என்று சொல்லத்தக்கது 1884-இல் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ ‘ஐடியல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற கருவியை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருந்தால் பாக்குவெட்டி என்றே சொல்லியிருப்பார்கள். இரு கைப்பிடிகள், நடுவில் ஒரு கீல். அதுவே பழைய கேப்பை நீக்கும், புதியதைப் பொருத்தும், குண்டைக் கூட்டின் வாயில் அமர்த்தும். சில வகைகளில் குண்டு வார்க்கும் அச்சும் அதன் நுனியிலேயே இருந்தது. மேசை வேண்டாம், பட்டறை வேண்டாம். சட்டைப்பையில் அடங்கிய இத்தொழிற்சாலையை 1925-இல் லைமன் நிறுவனம் வாங்கித் தொடர்ந்து செய்து வந்தது.

அந்தப் பாக்குவெட்டியோடு தராசு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துக் கரிமருந்துக்கு அது தேவைப்படவில்லை. ஒரு சிறு கரண்டியால் அள்ளிக் கூடு நிறையப் போட்டுக் குண்டை வைத்தால் போதும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கரிமருந்து பொறுத்துக்கொள்ளும். 1884-இல் பிரான்சில் பால் வியேல் கண்டறிந்த புகையற்ற மருந்து இந்தப் பொறுமையை முடித்துவைத்தது. அது கரிமருந்தைவிடப் பன்மடங்கு வலியது. பழைய பழக்கத்தில் கூடு நிறைய அள்ளிப் போட்டவர்களின் துப்பாக்கிகள் அவர்களுடைய முகத்தருகிலேயே வெடித்தன. இன்று .30-06 என்ற புகழ்பெற்ற தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்துள்ள அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. சுடுபவனின் கன்னம் அந்த அழுத்தத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது.

ஆகவே கரண்டியின் இடத்துக்குத் தராசு வந்தது. புகையற்ற மருந்தை அளக்கும் அலகு ‘கிரெய்ன்’; ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி எடை. வாற்கோதுமை மணியிலிருந்து பிறந்த இவ்வலகில் பத்தில் ஒரு பங்கு வரை மறுநிரப்புவோர் நிறுத்துப் பார்க்கிறார்கள். தராசுடன் நூலும் வந்தது. எந்தக் கூட்டுக்கு, எந்தக் குண்டுக்கு, எந்த மருந்து எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலையில் அளந்து அச்சிட்ட அட்டவணைகள் இன்றியமையாதவையாயின. 1937-இல் பிலிப் ஷார்ப் எழுதி வெளியிட்ட பெருநூல் அக்காலத்தவருக்கு ஏறக்குறைய ஒரு நிகண்டு.

இரண்டாம் உலகப்போர் இக்கைத்தொழிலைத் தொழில்துறையாக்கியது. போர்க்காலத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில், தந்தையின் சலவை நிலையத்துப் பின்னறையில், ஃபிரெட் ஹண்டிங்டன் சுட்டு எறிந்த சிறு தோட்டாக் கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக மாற்றும் அச்சொன்றைக் கடைந்தார். பாறை மர்மோட் என்னும் சிறு விலங்கை வேட்டையாடுவதற்கான குண்டு அது. அவ்விலங்கின் பெயரிலிருந்தே ‘ஆர்.சி.பி.எஸ்.’ என்ற நிறுவனப் பெயர் பிறந்தது. போர் முடிந்ததும் அரசிடம் மருந்து மலைபோல் தேங்கியது. கன்சாஸ் பகுதியைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் ஆயுள் காப்பீட்டின்பேரில் கடன் வாங்கி அம்மருந்தை மொத்தமாக எடுத்து, பழைய இரயில் பெட்டியொன்றில் சேமித்து அஞ்சல்வழி விற்றார். 1949-இல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் ஜாய்ஸ் ஹார்னடி குண்டு தயாரிக்கத் தொடங்கினார். ஐரோப்பாவில் மனிதரைக் கொல்லச் செய்யப்பட்ட மருந்தின் மிச்சம், கன்சாஸ் விவசாயியின் வீட்டுக் கொட்டகையில் மான் வேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது புதியவன் முன்னால் கருவிகள் குவிந்துவிட்டன. ஒரு பக்கம், 1958-இல் விஸ்கான்சினில் ரிச்சர்டு லீ தொடங்கிய நிறுவனத்தின் சிறு பெட்டி. மரச்சுத்தியல் ஒன்றிருந்தால் அதைக்கொண்டு அடுக்களை மேசையிலேயே வேலையை முடிக்கலாம். மறுபக்கம், நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுமையாக வெளிவரும் தொடர்பொறிகள். இரண்டுக்கும் நடுவே, ஓரிழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் இரும்புப் பொறி. பழகியவர்கள் புதியவனுக்குப் பெரும்பாலும் பரிந்துரைப்பது இந்த நடுவிலுள்ளதைத்தான். ஐம்பது கூடுகளுக்கும் முதலில் கேப்பை மட்டும் மாற்றுகிறான். பிறகு ஐம்பதையும் துளையிட்ட மரப்பலகையில் நிறுத்தி மருந்து இடுகிறான். குண்டு வைக்குமுன் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறான். ஒன்றில் இருமுறை மருந்து விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். வேகமான பொறியில் அந்த எட்டிப் பார்க்கும் கணம் சுருங்கிவிடுகிறது.

ஆகவே அவர்கள் சொல்லும் பட்டியலில் பொறிக்கு முன்பாகவே நூலும் தராசும் இடம்பெறுகின்றன. அடுத்து, கூட்டின் நீளத்தை அளக்க நாம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கண்ட வெர்னியர். ஏனெனில் பித்தளை ஒவ்வொரு முறை சுடும்போதும் சற்றே நீள்கிறது. அடிப்புறத்துக்குச் சற்று மேலே பளிச்சென ஒரு வளையம் தோன்றினால் கூடு அறுபடப் போகிறது என்று பொருள். அதற்குமேல் எத்தனை சிக்கனக்காரனும் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

எந்தப் பொருளையும் திறந்து பார்க்கவும் பழுதுபார்க்கவும் வழிவிட்டுச் செய்வதா, மூடி முத்திரையிட்டு விற்பதா என்ற வழக்கு இன்று கைபேசி வரை நீண்டிருக்கிறது. பாக்ஸரின் கூட்டில் அந்த வழி ஒற்றைத் துளையாக அமைந்தது. அதன் வழியே ஒரு கம்பி நுழைந்தது. பின்னால் ஒரு கைத்தொழில் நுழைந்தது. ஆனால் திறக்க முடிந்தவன் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். தொழிற்சாலைத் தோட்டா பிழையானால் குறைசொல்ல ஓர் ஆலை இருக்கிறது. விளக்கடியில் செய்த தோட்டா பிழையானால் அதைச் செய்த கையே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு அனுபவத்துக்குப் பின்னும் புதியவனிடம் முதலில் தராசை வாங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.