கோப்பித் துருநோயும் நுண்மையின் அளவும்

இலங்கை மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தேசாதிபதிகளையும் துரைமாரையும் புகையிரதப் பாதையையும் விரித்துரைப்பர். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த செய்தியோ, "நோயினாற் கோப்பி அழிந்தது" என்னும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். மாணவரும் அதனை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதிவிடுவர். அழித்தது எத்துணைச் சிறியது என வினவினால் வகுப்பு முழுவதும் வாய்மூடி நிற்கும். அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

பதினொரு வயதில், றொசல்லவிலிருந்து புகையிரதமேறிக் கொழும்பு நூதனசாலையைக் காணச் சென்றோம். தேசாதிபதி வில்லியம் கிரெகரி காலத்தில், 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்மாளிகையையும், அதன் அயலில் 1986இல் அமைந்த இயற்கை வரலாற்று நூதனசாலையையும் ஒரே பகலிற் சுற்றி வந்தோம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டு நெடுநேரம் அசையாது நின்றோம். வீடு திரும்பிய பின்னரும் லயன் வாசலில் அதன் நீளத்தைக் காலடியால் அளந்து காட்டி விளையாடினோம். பெரியதனை அளந்து காட்டுதல் சிறுவர்க்கும் எளிது. சிறியதனை எவ்வாறு அளந்து காட்டுவது?

நம் முன்னோர் இதற்கொரு வழி வகுத்திருந்தனர். பன்னிரு விரல் ஒரு சாண், எட்டு நெல் ஒரு விரல் என்பது பழைய கணக்கு. நெல்லினின்றும் கீழே எள், கடுகு, மணல், மயிர்நுனி, தேர்த்துகள், அணு என எட்டெட்டாகப் பகுத்து இறங்குவர். இடைப்படிகள் நூலுக்கு நூல் வேறுபடினும், எட்டாற் பகுக்கும் முறை பொதுவாயுள்ளது. இவை கருவிகொண்டு அளந்த அளவைகளல்ல. மெய்யான கடுகு இக்கணக்குக் கூறும் கடுகினும் பெரிது. எனினும் கண்ணறிந்த பொருளிற் றொடங்கிக் கண்ணறியாததற்குப் படிப்படியாய் மனத்தை இட்டுச்செல்லும் உபாயம் அதில் உண்டு. ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக் என்பாரும், 1676இல் தாம் நுணுக்குக்காட்டியிற் கண்ட உயிர்களின் சிறுமையை இலண்டன் அறிஞர்க்கு உணர்த்த முற்பட்டபோது, மணற்பரலையே ஒப்பளவாகக் கொண்டார்.

இனிக் கோப்பிக்கு வருவோம். 1869ஆம் ஆண்டு, மடுல்சீமைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேக்கிளி என்னும் பாதிரியார் ஆராய்ந்து, அது முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு என உணர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் 'ஹெமிலியா வாஸ்தாட்ரிக்ஸ்' எனப் பெயர் வெளியிட்டார். முதற்சொல் பாதி வழுவழுப்பானது என்னும் பொருளது. வித்தியின் ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் முள்ளாகவும் இருத்தலே காரணம். இரண்டாஞ்சொல் பாழாக்குவது எனப் பொருள்படும். பெயரிட்டவர் அறிந்தோ அறியாமலோ தீர்ப்பையும் எழுதிவிட்டார்.

ஆயினும் தோட்டக்காரர் உடனே அஞ்சினாரல்லர். கோப்பியின் விலை உயர்ந்துகொண்டிருந்தமையால் விளைச்சற் குறைவு கணக்கேட்டில் மறைந்தது. மேலும் காடு வெட்டினர். மேலும் கோப்பி நட்டனர். மண்ணின் சோர்வு என்றும் மழையின் குற்றம் என்றும் காரணங் கூறினர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மலைகளை விழுங்கும் என்பதை ஏற்க அவர்தம் மனம் இசையவில்லை போலும்.

1880இல், இருபத்தைந்து வயதளவினரான ஹரி மார்ஷல் வாட் என்னும் தாவரவியலார் அரசினரால் அழைக்கப்பட்டு வந்து ஈராண்டுகள் ஆராய்ந்தார். தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளைக் காற்றுப்பட வைத்து, அவற்றில் ஒட்டியவற்றை நுணுக்குக்காட்டியிற் கண்டு, வித்திகள் காற்றிற் பரவுதலை நிறுவினார். இலையில் நீர் நிற்கும்போது வித்தி முளைத்து, அடிப்புறத்து இலைவாயினூடே உட்புகுதலையும் காட்டினார். இடைவெளியின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டமை நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதும் அவர் கருத்து. மருந்து கேட்டிருந்தோர்க்கு விளக்கம் மாத்திரமே கிடைத்தது, அவர்கள் மகிழவில்லை. அவ்விளக்கத்தின் அருமை பிற்காலத்தார்க்கே புலனாயிற்று.

அவ்வித்தியின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறுகளில் ஏறத்தாழ 28 முதல் 36 வரை. விரலகலத்தை முக்கால் அங்குலமெனக் கொண்டு எட்டால் மும்முறை பகுத்தால், 512இல் ஒரு பங்கு வரும். அது அத்தகைய 37 கூறுகளுக்குச் சமம். பழைய ஏணியில் விரலுக்குக் கீழே மூன்றாம் படியிலேயே கோப்பியின் கூற்றுவன் அமர்ந்திருந்தான்! ஒரு சதுர சென்ரிமீற்றரில் வித்திகளை ஒன்றன்மேலொன்று படாமற் பரப்பினால் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவை அடங்கும். ஒரு வித்தியை நெல்லின் நீளத்துக்குப் பெருக்கி, அதே விகிதத்தில் மனிதனையும் பெருக்கினால், அவன் கொழும்புத் தாமரைக் கோபுரத்தினும் உயர்ந்து நிற்பான். இக்கணக்கைக் கரும்பலகையிற் செய்து காட்டிய நாளிலேதான் பின்வரிசை மாணவரும் தலைநிமிர்ந்தனர்.

1870ஐ அண்டி ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்துக்கோடி இறாத்தலாயிருந்த கோப்பி ஏற்றுமதி, 1889இல் ஐம்பது இலட்சம் அளவிற்கு வீழ்ந்தது. 1884இல் ஓரியன்றல் வங்கி முறிந்தது. அதே ஆண்டிலேதான் புகையிரதம் றொசல்லவைக் கடந்து அட்டனை அடைந்தது. கோப்பியை ஏற்றுதற்கெனத் தொடங்கிய பாதை, கோப்பி மாண்டபின் எங்கள் ஊருக்கு வந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அப்பாதைக்குச் சுமை கொடுத்தது.

மக்களுக்கு நேர்ந்ததோ இவற்றினும் பெரிது. கோப்பி, பருவப் பயிர். அறுவடைக்குக் கங்காணியின் பின் வந்தோர் பலர் அது முடிந்ததும் தமிழகம் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டும். ஆகவே குடும்பங்கள் தங்கின; பிள்ளைகள் இங்கேயே பிறந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை வழியோர் எங்கே பிறந்தனர் எனச் சான்று கேட்டபோது, எத்தனையோ இல்லங்களில் அதற்குக் கடதாசி இருக்கவில்லை. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை அவ்வினா தொடர்ந்தது.

எங்கள் லயனுக்குப் பின்னால், வேலியோரத்தில் இரண்டு கோப்பி மரங்கள் உள. சென்ற ஆண்டு அவற்றின் இலையொன்றைக் கொய்து, விஞ்ஞான ஆசிரியரின் உதவியோடு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். தோடம்பழச் சுளையொத்த வடிவங்கள், ஒருபுறம் முள்ளும் மறுபுறம் வழுவழுப்புமாய்க் கிடந்தன. மாணவர் ஒவ்வொருவராய் வந்து குனிந்து பார்த்தனர். ஒரு சிறுமி பார்த்து முடித்ததும் இலையை வாங்கி, விரலால் அப்பொடியைத் தொட்டு, அவ்விரலை வெகுநேரம் உற்று நோக்கிக்கொண்டிருந்தாள்.