குழந்தைக்கு நெஞ்சில் துளைவழி அறுவைச் சிகிச்சை: அன்றே வீடு திரும்பலாமா?

குழந்தையின் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை என்றதும் பெற்றோர் பதறுவது இயல்பு. "காலையில் செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்று மருத்துவர் சொன்னால் கலக்கம் இன்னும் கூடுகிறது. இது பாதுகாப்பானதா? எந்த அறுவைச் சிகிச்சை, எப்படிப்பட்ட குழந்தை, வீடு எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் பொறுத்தே இதற்குப் பதில் அமையும்.

துளைவழிச் சிகிச்சை என்றால் என்ன?

முன்பு விலா எலும்புகளுக்கு இடையே நீளமாகக் கீறி, எலும்புகளை விலக்கித்தான் நுரையீரலைத் தொட முடிந்தது. வலி அதிகம். சில குழந்தைகளுக்கு வளரும்போது முதுகெலும்பு வளைவும் தோள் பலவீனமும் ஏற்பட்டன. இப்போது 3 அல்லது 5 மில்லிமீட்டர் கருவிகளும் சிறு கேமராவும் இரண்டு மூன்று துளைகள் வழியே உள்ளே செல்கின்றன. குறைந்த அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி, நுரையீரலைச் சற்று சுருங்க வைத்து இடம் உண்டாக்குகிறார்கள். நெஞ்சுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் முறையை 1910இல் சுவீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் அறிமுகப்படுத்தினார்.

யாருக்கு அன்றே விடுப்பு?

துளை சிறியது என்பதால் அறுவைச் சிகிச்சையும் சிறியது என்று நினைத்துவிடக்கூடாது. பரிசோதனைக்காகச் சிறு திசு எடுப்பது, சிறு கட்டியை அகற்றுவது போன்றவற்றுக்கு, நெஞ்சில் குழாய் வைக்கத் தேவையில்லாவிட்டால், அன்றே வீடு திரும்புவது சாத்தியம். நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றினால் காற்றுக் கசிவு ஏற்படலாம். அதனால் பெரும்பாலும் ஓரிரவாவது தங்க வேண்டும். சீழ் அகற்றும் சிகிச்சைக்கும், பிறந்த குழந்தையின் உணவுக்குழாயைச் சரிசெய்யும் சிகிச்சைக்கும் அன்றே விடுப்பு கிடையாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்துக்குப் பின் மூச்சு திடீரென நின்றுபோகும் அபாயம் உண்டு. தாயின் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டு 60 வாரம் ஆகாத குறைமாதக் குழந்தைகளைப் பல மருத்துவமனைகள் இரவு முழுவதும் கண்காணிக்கின்றன. இதய நோயோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைகளையும் தங்க வைப்பதே நல்லது. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; தேதியைத் தள்ளி வைப்பதில் நட்டமில்லை.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

• ஆக்சிஜன் உதவியின்றிக் குழந்தை சீராக மூச்சு விடுகிறதா?
• பால் குடித்து, வாந்தியின்றி இருக்கிறதா?
• வாய்வழி மருந்திலேயே வலி அடங்குகிறதா?
• எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் காற்று தேங்கவில்லையா?

இவற்றுடன் தூரமும் முக்கியம். தோட்டப்புறத்திலிருந்து கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு வரும் குடும்பம், இரவில் திரும்பி வர வாகனம் உண்டா என்று யோசிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் "ஓரிரவு தங்கலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வயிறு காலியாக இருக்கட்டும்

சிகிச்சைக்கு முன் திட உணவும் மாவுப்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம் கொடுக்கக்கூடாது என்பது பொது விதி. தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று மருத்துவமனை சொல்லும். பசியால் அழுகிறதே என்று பாட்டி ஊட்டும் ஒரு வாய் பால்கூட மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

வீட்டில் கவனம்

வலி மருந்தைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப, சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலித்தால் குழந்தை ஆழமாக மூச்சிழுக்காது. அதனால் சளி தேங்கும். ஆஸ்பிரின் வேண்டாம். பெரியவர்களின் மருந்தைப் பாதியாக உடைத்தும் கொடுக்காதீர்கள்.

மூச்சு வேகமாதல், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடு நீலமாதல், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். காய்ச்சல், துளையில் சிவப்பு அல்லது சீழ், பால் மறுத்தல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வார்டின் தொலைபேசி எண்ணைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே புறப்படுங்கள்.