செம்பியத்துச் சிவப்பு வண்டி

எங்கள் கழனியில் முதன்முதலாக டிராக்டர் இறங்கிய காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாடகைக்கு வந்த வண்டி. சிவப்பு மாசி பெர்குசன் 1035. பின் டயர்களோடு இரும்புக் கேஜ் வீல் பூட்டி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. நான்கு ஏர் கட்டி மூன்று நாள் ஓட்டுகிற நிலம், வெயில் ஏறுவதற்குள் பரம்படிக்கத் தயாராகிவிட்டது. அப்பா வரப்பை விட்டு நகரவேயில்லை. அடுத்த வாரமே நிலவள வங்கிக்கு மனு எழுதிப் போட்டார்.

அந்த வண்டி பிறந்த இடம் நமக்குப் பக்கம்தான். 1840இல் சென்னையில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன், பின்னாளில் எஸ். அனந்தராமகிருஷ்ணன் கையில் பெரும் தொழிற்குழுமமாக வளர்ந்தது. அந்தக் குழுமம் 1960இல், மாசி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே டாஃபே. ஆலை சென்னைச் செம்பியத்தில், எஞ்சின் சிம்சனுடையது. 1964இல் கேளம்பாக்கத்தில் ஜே ஃபார்ம் என்ற ஆராய்ச்சிப் பண்ணையும் வந்தது. 2019 வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து மண். டிராக்டர் விற்கிறவர்கள் தாங்களே ஒரு பண்ணை வைத்து உழுது பார்த்ததை, இந்த வரலாற்றிலேயே நான் பெரிதாக மதிக்கிறேன்.

டிராக்டர் தொழிலில் உலகில் யார் முதலிடம் என்று கேட்டால், எதை வைத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசைத்தறியில் இறங்குகிற சேலைகளின் எண்ணிக்கையையும், கோர்வை போட்டு இரண்டு பேர் வாரக்கணக்கில் நெய்கிற ஒரு முகூர்த்தப் பட்டின் விலையையும் ஒரே கணக்கில் யாரும் எழுதமாட்டோம். வண்டி எண்ணிக்கையில் உலகின் முதல் நிறுவனம் மஹிந்திரா. 2007இல் ஸ்வராஜ் டிராக்டரையும் சேர்த்துக்கொண்ட அதன் பங்கு, 2023-24இல் இந்தியச் சந்தையில் 41.6 சதவீதம். நாட்டில் அதற்கு அடுத்த இடம் டாஃபேக்கு. வருமானத்தை வைத்துப் பார்த்தால் அமெரிக்காவின் ஜான் டீர்தான் உச்சத்தில்.

2022-23இல் இந்தியாவில் விற்ற டிராக்டர் 9 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில் ஓராண்டு விற்பனை இரண்டு, மூன்று லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அங்கே ஒரு பண்ணையின் சராசரி 460 ஏக்கரைத் தாண்டும். தமிழ்நாட்டில் சராசரி இரண்டு ஏக்கர்கூட இல்லை. இங்கே 31 முதல் 50 குதிரைத்திறன் வண்டிதான் ஓடும். சேற்றில் அமிழாத எடை வேண்டும், குறுகிய கழனியில் வளைய வேண்டும், உழவு முடிந்ததும் டிரெய்லர் மாட்டி நெல் மூட்டை ஏற்ற வேண்டும். சந்தைப் பங்கை நிர்ணயிப்பதில் விளம்பரத்தைவிட மண்ணுக்குத்தான் பங்கு அதிகம்.

மண்ணுக்கு அடுத்தது உதிரிபாகம். நடவு நேரத்தில் வண்டி நின்றுபோனால், அன்றைக்கே பக்கத்து ஊரில் சாமான் கிடைக்கிற கம்பெனிதான் அந்த வட்டாரத்தில் நிலைக்கும். ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு வண்டிக்கு கிளட்ச் பிளேட் வருவதற்குள் எங்கள் நாற்று முற்றிப்போனது. மாசி பல நாடுகளில் வேரூன்றியதற்கு, அந்தந்த நாட்டிலேயே அதைச் செய்ததும் ஒரு காரணம். பாகிஸ்தானில் மாசி வண்டிகளை லாகூரின் மில்லத் நிறுவனம் செய்கிறது. இலங்கையில் பிரவுன்ஸ் நிறுவனத்தின் வழியாக நம் டாஃபே டிராக்டர்கள் வயலில் இறங்கின.

2005இல் 310 கோடி ரூபாய்க்கு ஐஷர் டிராக்டர் தொழிலை டாஃபே வாங்கியது. 2018இல், முன்பு பெர்குசன் உரிமத்தில் டிராக்டர் செய்த செர்பியாவின் ஐ.எம்.டி.யும் வந்து சேர்ந்தது. மாசி பெர்குசனின் உலக உரிமையாளரான ஆக்கோவோடு இருந்த வழக்கு 2025இல் சமரசமாக முடிந்து, இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தமானது. கூட்டாளியிடம் உரிமம் வாங்கித் தொடங்கிய ஆலை, 65 ஆண்டுகளில் அந்தப் பெயரையே வாங்கிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சொந்த வீட்டுக் கல்யாணம் போலிருந்தது.

அப்பா கடனில் வாங்கிய 1035 இன்றும் எங்கள் களத்துமேட்டுக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் மேல் படிந்த கிரீஸைத் துணியால் துடைத்தால், சிம்சன் என்ற எழுத்து தெரியும். இந்த நவரைக்கும் ஓட்டினோம்.