மார்கழிப் பனி மட்டுமே அறிந்தவர்கள்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் அந்தப் பனியிலும் திருவாரூரில் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். வெயில் ஏறியதும் துண்டு தோளுக்கு இறங்கிவிடும். குளிருக்கென்று காவிரி டெல்டாக்காரர் செய்துகொண்ட ஏற்பாடு அவ்வளவுதான். வீட்டையும் அதற்கேற்றபடிதான் கட்டினார்கள்: நடுவே வானம் பார்த்த முற்றம், தெருவைப் பார்த்த திண்ணை, காற்றை உள்ளே விடும் ஜன்னல். வெக்கையை வெளியேற்றத் தெரிந்த வீடுகள் அவை. உள்ளே இருக்கும் சூட்டை அடைத்துக் காக்கும் அவசியம் அவற்றுக்கு வந்ததே இல்லை.

பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர்களும் நெடுங்காலம் வெப்பநாடுகளுக்கே போனார்கள். இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று எந்தக் கரையில் இறங்கினாலும் ஊரில் உடுத்திய வேட்டி போதும். கூத்தாநல்லூரின் வணிகக் குடும்பங்கள் கடல் கடந்து பெரும் தொழில்களை நடத்தின. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டு ஓடியது. பயணத்துக்கு வேண்டிய அறிவு அந்தக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. எந்த மாதம் கடல் அமைதி, பெட்டியில் எதை மேலே வைப்பது, இறங்கியதும் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அந்த அறிவில் கம்பளிக்கு இடமில்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது, குளிர்நாட்டுக்குப் போன முதல் சிலரின் வாழ்க்கையில் தெரிந்தது. அவர்களில் மிக நன்றாகப் பதிவானது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜனின் கதை. கணிதமேதையின் கதையாகவே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். வெளிநாட்டு வேலைக்குப் போன டெல்டா இளைஞனின் கதையாகவும் அதைப் படிக்கலாம். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் அவர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. 1914இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போக, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்து, கப்பல் கட்டணத்தையும் உடுப்புச் செலவையும் தனியே ஏற்றுக்கொண்டது. அந்த 250 பவுனில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. இன்று துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் செய்வதும் இதையேதான்.

அவரை அனுப்பிவைத்தவர்கள் ஒன்றும் அலட்சியமாக இருக்கவில்லை. துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கப்பலில் சைவ உணவு கிடைக்க ஏற்பாடு செய்தார். கோட்டும் கால்சட்டையும் காலணியும் வாங்கப்பட்டன. முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குடுமி எடுக்கப்பட்டது; அதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றே தாயையும் மனைவியையும் முன்கூட்டிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது. ஏப்ரல் 14 அன்று அவர் லண்டனில் இருந்தார்.

இந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாமே பிறர் கண்ணுக்குத் தெரிகிறவை: தலை, உடை, சாப்பாட்டு மேசை. கதவைச் சாத்திய பிறகு அறைக்குள் தனியாக எப்படி வாழ்வது என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை.

அது தெரியாமல் அவர் பட்ட பாட்டை, பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயர்பெற்ற பி.சி. மஹாலனோபிஸ் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி மாணவர். ஒரு குளிர்நாளில் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, அவர் கணப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார் மஹாலனோபிஸ். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறது என்று பதில் வந்தது. கம்பளிகள் போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் வேண்டிய அளவு இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி அவை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. அந்த விரிப்புக்கு மட்டும் அடியில் ராமானுஜன் படுத்திருக்கிறார். கம்பளியை விலக்கி அதற்குள் நுழைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மஹாலனோபிஸ் விலக்கிக் காட்டினார்.

இதைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை இதில் ஏதும் இல்லை. பாயை விரித்து, மேலே ஒரு போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிய ஊரிலிருந்து போனவருக்கு, இறுக்கிச் செருகிய கம்பளி மெத்தையின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். ஆங்கிலேயருக்கோ அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. ஒருவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. மற்றவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. குளிர்நாட்டுக்குப் போனவர்களின் துன்பங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைந்ததுதான்.

இத்தனைக்கும், சொல்லிவைத்தவர் ஒருவர் இருந்தார். லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய காந்தி, 1893-94 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது லண்டன் போகும் இந்தியர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். என்னென்ன துணி வேண்டும், என்ன விலை, எவ்வளவில் வாழலாம் என்று கணக்கோடு எழுதினார். அது அப்போது அச்சேறவில்லை. வெகுகாலம் கழித்து அவருடைய தொகுதி நூல்களில்தான் வெளிவந்தது. கும்பகோணத்தில் ஒருவர் கைக்கும் அது கிடைத்திருக்க வழியில்லை.

உணவும் குளிரோடு சேர்ந்துகொண்டது. ராமானுஜன் கண்டிப்பான சைவ உணவுக்காரர், அறையிலேயே சமைத்துக்கொண்டார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் காய்கறியும் பழமும் அரிதாயின. உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த சோறே தனக்குப் போதும் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். 1917இல் படுக்கையில் விழுந்தார். காசநோய் என்று சந்தேகித்த மருத்துவர்கள் அவரை சானடோரியங்களுக்கு அனுப்பினார்கள். அந்த நோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம். காசநோய்க்குத் திறந்த வெளிக் காற்றே மருந்து என்று நம்பினார்கள். பனிக்காலத்திலும் ஜன்னலைச் சாத்தமாட்டார்கள். அங்கிருந்து, தன்னைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மாதமாகத் தன் அறையில் கணப்பு மூட்டவில்லை, நடுக்கத்தில் சாப்பிடக்கூட முடியவில்லை என்று முறையிட்டார். குளியலறைதான் கதகதப்பாக இருக்கிறது, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடப்போவதாகவும் எழுதினார். சென்னையிலேயே இருந்திருந்தால் குளிருக்கு ஒதுங்க இடம் தேடியிருக்க வேண்டாம், ஹார்டியும் கிடைத்திருக்கமாட்டார். 1919இல் திரும்பிவந்தார், 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சென்னையில் இறந்தார்.

குளிர்தான் அவரைக் கொன்றது என்று எளிதாக முடிவுகட்டக்கூடாது. பழைய குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் எழுதினார். அப்படியென்றால், இல்லாத காசநோய்க்காகவே அவர் அந்தத் திறந்த அறைகளில் நடுங்கினார். இங்கே ஒரு பெயரையும் நினைக்க வேண்டும். ராமானுஜன் தங்கிய சானடோரியங்களில் ஒன்றான மெண்டிப் ஹில்ஸை நடத்தியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து என்ற இந்தியர். அவர்தான் பின்னர் 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார்.

மஹாலனோபிஸ் சொன்ன கம்பளிக் கதை அச்சில் நிலைத்ததற்கும் ஒரு டெல்டாக்காரரே காரணம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1967இல் ராமானுஜனைப் பற்றி எழுதிய நூலில் அதைச் சேர்த்தார். அவரும் 1924இல் நூலகப் பயிற்சிக்காக லண்டன் போய், ஆங்கிலேயப் பனிக்காலம் ஒன்றை முழுதாகக் கழித்தவர்.

இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் வலங்கைமானில் 1869இல் பிறந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியின் பயணம் வேறு வகை. 1921 நவம்பரில் தொடங்கிய வாஷிங்டன் கடற்படை மாநாட்டில் அவர் இந்தியப் பிரதிநிதி. 1922 ஜனவரி கடைசியில் அந்த நகரத்தில் 28 அங்குலம் பனி கொட்டியது. பாரம் தாங்காமல் நிக்கர்பாக்கர் திரையரங்கின் கூரை விழுந்து 98 பேர் இறந்தார்கள். பிப்ரவரி 6 அன்று இந்தியாவின் சார்பில் சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அரசு விருந்தினருக்குச் சூடான அறையும் ஆள்படையும் உண்டு. கூலிக்கோ படிப்புக்கோ போனவருக்கு அவை கிடையாது.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் குளிரையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உறைபனியைத் தாங்கும் உருளைக்கிழங்கை உருவாக்குவதில் ஈடுபட்டார். நெல் விளையும் ஊரிலிருந்து போனவரின் கையில் பனியைத் தாங்கும் கிழங்கு உருவானதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கூட்டமாகக் குளிரைச் சந்தித்த தமிழர்கள் என்றால், ஈழத்திலிருந்து போனவர்களைத்தான் சொல்ல வேண்டும். 1980களில் நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில், குளிர்காலத்தில் சூரியனே எழாத மீன்பிடி ஊர்களில், அவர்கள் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தார்கள். முன்னே போனவர் பின்னே வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ராமானுஜனுக்கு வாய்க்காத துணை அது.

இப்போது மன்னார்குடியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிற பிள்ளைகள், தெர்மல் உள்ளாடையைச் சென்னையிலேயே வாங்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவைதான் இன்றும் விடுபட்டுப்போகின்றன: ஹீட்டர் காற்றில் தோல் வெடிப்பது, சாலையில் கண்ணாடிபோல் படியும் பனி, வெயில் இல்லாததால் வரும் வைட்டமின் டி குறைபாடு. பிரிட்டனின் சுகாதாரத்துறை, தெற்காசியரைப் போன்ற கருநிறத் தோல் கொண்டவர்கள் ஆண்டு முழுதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறது. ராமானுஜன் காலத்தில் இதை அறிந்தவர் எவரும் இல்லை. இன்று அறிந்திருந்தும் பெட்டி கட்டும்போது யாரும் சொல்வதில்லை.

ராமானுஜன் மேதை என்பதால் அவருடைய கடிதங்கள் காப்பாற்றப்பட்டன. அவருக்குப் பின் போன ஆயிரக்கணக்கான டெல்டாக்காரர்களின் முதல் பனிக்காலம், வீட்டுக்கு வந்த வான்கடிதங்களில் மட்டுமே இருக்கிறது. அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதியும் ஊரும் குறித்து, நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு பிரதியாவது கொடுங்கள்.