தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் அவசரகாலப் பாதுகாப்புத் தொழில்நுட்பம்

காட்டுத்தீ, மலையோடை வெள்ளம், மின்னல், வனவிலங்கு நடமாட்டம், கட்டட விபத்து, சாலை விபத்து ஆகியவற்றிலிருந்து தேனி மாவட்டப் பள்ளி மாணவர்களைக் காக்கச் செயற்கைக்கோள் தகவல், செல்பேசி எச்சரிக்கை, கண்காணிப்புக் கேமரா, வாகன இருப்பிடக் கருவி போன்றவை பயன்படுகின்றன. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பெரியாற்றுத் தண்ணீரை ஒட்டி நீளும் பள்ளத்தாக்கின் மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலையும் நிற்கின்றன. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என நிர்வாகம் பலவாக இருந்தாலும் மலையிலிருந்து இறங்கும் ஆபத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பின்னணி

தமிழகத்தில் பள்ளிப் பாதுகாப்பு பற்றிய எந்தப் பேச்சும் கும்பகோணத்தைக் கடந்தே வர வேண்டும். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்றது. தீயணைப்புக் கருவிகளையும் அவற்றை இயக்கும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. 2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்துப் பெற்றவை.

காட்டுத்தீயும் யானையும்

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீட்பில் விமானப்படை ஹெலிகாப்டர்களோடு உள்ளூர் மக்களும் ஈடுபட்டனர். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் உணரிகள் காட்டும் வெப்பப் புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. மோடிஸ் உணரியின் பார்வை ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியமானது. அதன்பின் வந்த விர்ஸ் உணரி 375 மீட்டர் வரை குறுகிப் பார்க்கும். வனத்துறையினர் மட்டுமல்லாமல் பொதுமக்களும் இச்சேவைக்குப் பதிவு செய்யலாம். மலையடிவாரப் பள்ளித் தலைமையாசிரியர்கள் செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடிய முதல் ஏற்பாடு இது. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில்தான் தீ தெரியும். இடைப்பட்ட மணிகளில் புகையைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொரு அனுபவம் அரிக்கொம்பன். கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட இந்த யானை, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் நுழைந்தது. 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி செலுத்தி யானையைப் பிடித்தனர். இடையில் காலரின் சமிக்ஞை அவ்வப்போது துண்டிக்கப்பட்டது. கோடை விடுமுறை என்பதால் பள்ளிகள் மூடியிருந்தன. பள்ளி நடக்கும் ஒரு காலை நேரத்தில் இதே நிலை வந்தால், காலர் காட்டும் இடம் வனத்துறையிலிருந்து பள்ளிக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதே திட்டமிட வேண்டிய கேள்வி.

வெள்ளமும் எச்சரிக்கையும்

முல்லைப் பெரியாறு அணையின் உபரிநீர் மேற்கே இடுக்கி பக்கம் போகிறது. பள்ளத்தாக்குக்குக் குகைப்பாதை வழியே கட்டுப்படுத்தப்பட்ட நீரே வருகிறது. ஆகவே இங்கே திடீர் வெள்ளம் பெரும்பாலும் மலையில் கொட்டும் மழையால், ஓடைகளிலும் கொட்டகுடி, வராக நதி போன்ற ஆறுகளிலும் வருவது. 71 அடி உயர வைகை அணைக்கு 66, 68.5, 69 அடிகளில் மூன்று கட்ட எச்சரிக்கை உண்டு. மலையோடைக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை; அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பவே செல்பேசி ஒலிபரப்பு எச்சரிக்கை உதவுகிறது. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள செல்பேசிகள் அனைத்திலும், எண் பதிவோ இணையமோ இல்லாமலே, உரத்த ஒலியுடன் செய்தி தோன்றும். தமிழகத்தில் இதன் சோதனை 2023 அக்டோபர் 20 அன்று நடந்தது. தமிழிலேயே மழை, வெள்ளத் தகவல் தரும் டிஎன் அலர்ட் செயலி 2024இல் வந்தது. இடிமின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070, அவசர உதவிக்கான 112, ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய எண்கள் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட வேண்டியவை.

கோபுரம் எட்டாத இடத்தில் இவை எதுவும் வேலை செய்யாது. ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டப் பகுதியிலும் கொட்டகுடி மலைக் குடியிருப்புகளிலும் அலைவரிசை சீராகக் கிடைப்பதில்லை. அங்கே வனத்துறை, காவல்துறையின் வயர்லெஸ் கருவியே நம்பத்தக்கது. மலைப்பள்ளிகளை அந்த வலையோடு இணைப்பது, நகரப் பள்ளிக்கு இன்னொரு கேமரா வாங்குவதைவிட அவசரமானது.

வளாகமும் வாகனமும்

மரம், காகிதம், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றால் பற்றும் தீக்கு ஏபிசி வகை உலர்தூள் அணைப்பான் பொருந்தும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்ப்பது எவருக்கும் கைவரும். சத்துணவுக் கூடத்தின் எரிவாயு சிலிண்டரும் குழாயும் தனிக் கவனம் கேட்பவை. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ள பெற்றோரின் செல்பேசி எண்கள் நெருக்கடியில் பெரிய சொத்து, எண் மாறியவுடன் திருத்தினால். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் நடத்துகின்றனர். மழைக்காலத்துக்கு முன் பிளாஸ்டிக் குடத்தையும் காலிப் பாட்டில்களையும் மிதவையாக்கும் முறையையும் கற்பிக்கின்றனர்.

பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் 2012இல் வந்தன. 2022இல் முன்னும் பின்னும் கேமராவும், பின்னே நகரும்போது ஒலிக்கும் உணரியும் கட்டாயமாயின. பள்ளி திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வாகனங்களை ஆய்வு செய்கின்றனர்.

கேட்கும் திறன் குறைந்த மாணவருக்கு மணியோ ஒலிபெருக்கியோ போதாது. அவர்கள் படிக்கும் வகுப்பறையில் மின்னும் விளக்குடன் கூடிய அபாய அறிவிப்பும், ஒத்திகையிலேயே கைப்பிடித்து வெளியே அழைத்துப்போக நியமிக்கப்பட்ட ஒரு தோழரும் வேண்டும். சக்கர நாற்காலி மாணவரின் வகுப்பைத் தரைத்தளத்திலேயே வைக்க வேண்டும்.