வேர்ச்செடி எதைக் காக்கும்?

ஒட்டுக்கட்டிய திராட்சையில் அடியில் இருப்பது வேர்ச்செடி. மேலே காய்ப்பது நமக்கு வேண்டிய ரகம். "நல்ல வேர்ச்செடியா வச்சா நோயே வராதுங்களா?" என்று பலரும் கேட்கிறீர்கள். கலிபோர்னியாவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

அங்கே 1857-இல் ஜெர்மானியக் குடியானவர்கள் அனஹைம் என்ற ஊரை உண்டாக்கினார்கள். பங்குக்கு 20 ஏக்கர். முக்கியப் பயிர் திராட்சை, நல்ல வரும்படி. 1880-களில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தாற்போல் கருகியது. பழம் கொடியிலேயே சுருங்கியது. இலை உதிர்ந்த பிறகும் காம்பு மட்டும் தீக்குச்சி மாதிரி நின்றது. சில வருஷத்தில் தோட்டங்கள் பாழ். பலர் ஆரஞ்சுக்கு மாறிவிட்டார்கள்.

1889-இல் நியூட்டன் பியர்ஸ் என்பவரை அரசு அனுப்பியது. 1892-இல் அறிக்கை கொடுத்தார், காரணம் பிடிபடவில்லை. பிற்பாடு நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெகுகாலம் வைரஸ் என்றே நம்பினார்கள். 1978-இல்தான் பாக்டீரியா என்று உறுதியாயிற்று. தத்துப்பூச்சி வகைகள் சாறு உறிஞ்சும்போது அதைக் கொடியில் ஏற்றிவிடுகின்றன. தண்ணீர் ஏறும் குழாயில் அது பெருகி அடைத்துக்கொள்ளும். வேர் எவ்வளவு இழுத்தும் இலைக்குப் போய்ச் சேராது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மதகைத் திறந்து என்ன பண்ண?

1860-களிலிருந்து பிரான்சை அழித்த வேர் அசுவினி அப்படியல்ல. அது கடித்தது வேரை. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினார்கள், பிழைத்தார்கள். கொடியின் அடித்தண்டில் கழலை கட்டும் பாக்டீரியாவிலும் வேர்ச்செடிக்குப் பங்கு உண்டு. அது மண்ணிலும் நடவுக்குச்சிக்குள்ளும் இருந்து, காயம் பட்ட இடத்தில் வேலையைக் காட்டும். ரிபேரியா குளோயர் போன்ற வேர்ச்செடிகளில் கழலை குறைவு.

பியர்ஸ் நோயோ மேலே நுழைவது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் டாக் ரிட்ஜ் வேர்ச்செடியில் கட்டிய கொடிகள் சில வருஷம் கூடுதலாகத் தாங்கின. (மகாராஷ்டிராவில் உப்பு மண்ணுக்கு வைக்கிறார்களே, அதேதான்.) தாங்கினவே தவிர, மேலே இருக்கும் ரகத்துக்கு எதிர்ப்பு வந்துவிடவில்லை. ஆகவே "எல்லா நோயும் தாங்கும் வேர்ச்செடி" என்று யாராவது விற்க வந்தால், எந்த நோய், மண்ணிலிருந்து வருவதா, பூச்சி கொண்டுவருவதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வாக்கர் என்ற விஞ்ஞானி வேரை விட்டுவிட்டு, காட்டுத் திராட்சையின் எதிர்ப்புச் சக்தியைக் காய்க்கிற ரகத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்ப இனக்கலப்புச் செய்து, 2019-இல் ஐந்து ரகங்களை வெளியிட்டார்கள்.