ஒற்றைவாடைக் கொட்டகையும் நாடகத் தணிக்கையும்

வடசென்னையின் யானைக்கவுனி, 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய மதிற்சுவரின் வாயில்களுள் ஒன்றால் பெயர் பெற்ற பகுதியாகும். அச்சுவரின் செலவுக்கெனக் குடிமக்கள்மீது விதிக்க எண்ணிய வரி கடைசிவரை வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தச் சாலையில் இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறுவர்களைக் கொண்ட பாய்ஸ் கம்பெனிகளும் நாயக வேடமேற்ற பெயர்பெற்ற ராஜபார்ட் நடிகர்களும் சென்னையில் நாடகமாடிய முதன்மையான அரங்குகளுள் ஒன்று. எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த காலத்தில் நாளிதழ் எட்டாத மக்களிடம் அரசியலைக் கொண்டு சேர்த்தவை இத்தகைய கொட்டகைகளே என்பதால், ஆட்சியாளர்களின் கண் அச்சகத்தின்மேல் இருந்த அளவுக்கு மேடையின்மேலும் இருந்தது.

அந்தக் கண்காணிப்புக்குச் சட்ட வடிவம் தந்தது 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய ‘நீல் தர்ப்பண்’ போன்ற நாடகங்களாலும், வேல்ஸ் இளவரசரின் வருகையைக் கேலி செய்த நாடகத்தாலும் கல்கத்தாவில் எழுந்த சலசலப்பை அடக்கப் பிறந்த இச்சட்டம், அவதூறானது, ஒழுக்கத்தைக் கெடுப்பது, அரசின்மீது வெறுப்பைத் தூண்டுவது என்று அதிகாரிகள் கருதும் எந்த நாடகத்தையும் தடுக்க வழிசெய்தது. தடையை மீறுவோர் 3 மாதம் வரை சிறை செல்ல நேரிடும் நிலை இருந்தது.

ஆனால் தமிழ் மேடையில் இச்சட்டத்துக்குப் பிடிகொடுக்காத ஒரு வடிவம் இருந்தது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களை ஓரிரவு நிகழ்ச்சிக்குத் தனித்தனியே பேசி வரவழைத்து நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகத்தில்’ கதை எல்லோருக்கும் தெரிந்த புராணம்தான் என்றாலும், பாட்டும் தர்க்கமும் அன்றன்று மேடையிலேயே பிறந்தன. ‘வள்ளி திருமணம்’ என்ற பெயரைத் தடை செய்ய எந்த அதிகாரிக்கும் காரணம் கிடையாது. தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் என்ன பாடப்படும் என்பதோ, திரை விலகும்வரை யாருக்கும் தெரியாது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றி, எஸ். எஸ். விசுவநாததாஸ் பாடிப் புகழ்பெற்ற கொக்குப் பாட்டு இதற்குத் தக்க சான்று. பயிருக்கு வந்த வெள்ளைக் கொக்கை விரட்டுவதாக அமைந்த அந்தப் பாட்டில் வரும் கொக்கு யார் என்று கொட்டகை முழுவதும் அறிந்திருந்தது. அதைக் குற்றமாக்க வேண்டுமானால், கொக்கு என்பது ஆங்கிலேயரே என்று அரசுத் தரப்பே எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ஆயினும் விசுவநாததாஸ் பலமுறை கைதாகிச் சிறை சென்றார்; 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார்.

எழுதி வைத்த நாடகங்களின் நிலை வேறு. தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ (1922) தடைக்கு ஆளானது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைப்பட்டபோது, டி. கே. எஸ். சகோதரர்கள் அதனையே ‘தேசபக்தி’ என்ற பெயரில் மேடையேற்றினர். மேடையில் கேட்ட பாட்டுகளோ, ஜார்ஜ் டவுனின் குஜிலிக் கடைத்தெருவில் மட்டத் தாளில் அச்சாகி மிக மலிவாக விற்கப்பட்ட சில பக்கச் சிறுநூல்களாக ஊர் ஊராகச் சென்றன. 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின் வெளிவந்த இத்தகைய பாட்டுப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது. அவற்றை அச்சிடுவோரிடம் ஜாமீன் தொகை கேட்டு மிரட்டியது. மனப்பாடமாகிவிட்ட பாட்டைப் பறிமுதல் செய்ய மட்டும் அரசால் இயலவில்லை.

விடுதலைக்குப் பிறகு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. நாடக மேடையால் வளர்ந்த காங்கிரஸ் இயக்கமே ஆட்சியில் இருந்த 1954ஆம் ஆண்டில், எம். ஆர். ராதாவின் ‘இராமாயணம்’ நாடகம் எழுப்பிய எதிர்ப்பை ஒட்டிச் சென்னை மாநிலத்துக்கெனப் புதிய நாடகச் சட்டம் இயற்றப்பட்டது. நாடகத்தால் மனம் புண்படக்கூடியவர்கள் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்ட ராதா, தடைகளையும் கைதுகளையும் பொருட்படுத்தாமல் தொடர்ந்து நடித்தார். ஆட்சேபத்துக்குரியது என்று கருதும் நாடகத்தைத் தடுக்கவும், பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தமையால், சென்னையில் நாடகம் போடுவோர் காவல்துறையிடம் பிரதியைக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று. மேடையால் வளர்ந்த திராவிடக் கட்சிகள் 1967 முதல் மாறி மாறி ஆண்டபோதும் அச்சட்டத்தை நீக்கவில்லை.

முன்தணிக்கை ஒரு கட்சியின் குணம் அன்று, அதிகாரத்தின் வசதி என்பதே இவ்வரலாறு தரும் தீர்ப்பு: எதிர்க்கட்சியாக இருக்கையில் அதனால் துன்புற்றவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதனைத் தமக்குரிய கருவியாக வைத்துக்கொண்டனர். அதனை அகற்றியது எந்தச் சட்டமன்றமும் அன்று. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2013 ஜனவரியில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறி ரத்து செய்தது.